யூடியூபைத் திறக்கச் சொல்லாதீர்கள், ஆசிரியர் லாகின் கேளுங்கள்

கேள்வி: மெட்ரிக் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். பத்தாம் வகுப்பு இனப்பெருக்கப் பாடத்துக்காக வீட்டில் தேடி வைத்த வீடியோ, படம் எதுவும் பள்ளி வைஃபையில் திறப்பதில்லை. நிர்வாகத்திடம் கேட்டால் ‘பிள்ளைகள் பாதுகாப்பு’ என்கிறார்கள். என் போன் ஹாட்ஸ்பாட் போட்டுச் சமாளிக்கிறேன். இது சரியா?
– வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம் டீச்சர். நாளைக்கு ஏதாவது பெற்றோர் புகார் சொன்னால் பதில் சொல்ல நீங்கள் மட்டும்தான் நிற்க வேண்டியிருக்கும். அதோடு, நீங்கள் சமாளிக்கிறவரை நிர்வாகத்துக்கு இப்படி ஒரு பிரச்சினை இருப்பதே தெரியாது.

பள்ளி வைஃபையில் தளங்களைத் தடுப்பது ஃபயர்வால் என்ற வடிகட்டி. அதைப் போட்டவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்துப் பார்த்துத் தடுப்பதில்லை. தளங்களை வகை பிரித்த பட்டியல் ஒன்று அதிலேயே வரும். வேண்டாத வகைகளை டிக் செய்துவிட்டுப் போய்விடுவார். சில ஃபயர்வால்களில் பாலியல் கல்வி தனி வகையாகவே இருக்கிறது. ஆனால் அதை ‘வயது வந்தோருக்கானவை’ என்ற தலைப்புக்குக் கீழே வைத்திருப்பார்கள். தலைப்பையே மொத்தமாக டிக் செய்தால் ஆபாசத்தோடு உங்கள் பாடமும் போச்சு!

யூடியூப் கதை வேறு. இணைப்பு மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டிருப்பதால் சாதாரண ஃபில்டருக்குத் தளத்தின் பெயர்தான் தெரியும், எந்த வீடியோ என்பது தெரியாது. ‘இந்த ஒன்றை மட்டும் திறந்துவிடுங்கள்’ என்று கேட்டால் லேப் சார் விழிப்பது அதனால்தான். நடுவழி ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு ஒவ்வாத வீடியோக்களை மறைக்கும், யூடியூபின் ‘கட்டுப்படுத்திய பயன்முறை’யைப் (Restricted Mode) பள்ளி நெட்வொர்க் முழுவதற்கும் போட்டுவிடலாம். கமெண்ட்கூடத் தெரியாது. ஆனால் அதுவும் சில நல்ல வீடியோக்களை மறைத்துவிடும். ஆகவே மாணவர்களுக்கு அது இருக்கட்டும், ஆசிரியர்களுக்கு, தடை குறைவான தனி லாகின் கேளுங்கள். பெரும்பாலான ஃபயர்வால்களில் இதற்கு வசதி இருக்கிறது; யாரும் கேட்காததால் செய்யாமல் விட்டிருப்பார்கள்.

வாயால் கேட்காமல் எழுதிக் கொடுங்கள். தடை வரும் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எந்தப் பாடம், எந்த முகவரி என்று பக்கத்தில் குறியுங்கள். முக்கியமாக, 2019இல் வந்த உங்கள் பாடப்புத்தகத்திலேயே க்யூஆர் கோடுகள் இருக்கின்றன. அவை பள்ளி வைஃபையில் திறக்கின்றனவா என்று பாருங்கள். திறக்கவில்லை என்றால் அதைப் பட்டியலில் முதலில் போடுங்கள். அரசுப் புத்தகத்தையே தடுக்கிறோம் என்று தெரிந்தால் எந்த முதல்வரும் கொஞ்சம் யோசிப்பார்.

அதுவரை, மாநில அரசின் மணற்கேணி செயலியில் சமச்சீர் பாட வீடியோக்கள் உண்டு. இயற்பியலுக்கு, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ (PhET) என்ற, திரையில் இயக்கிப் பார்க்கும் சோதனை மாதிரிகளை வீட்டிலேயே இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோகலாம். நெட் இல்லாமலே ஓடும், சில தமிழிலும் இருக்கின்றன.

கடிதத்தை ஜூனிலேயே கொடுத்துவிடுங்கள். ரிவிஷன் டெஸ்ட் ஓடும் ஜனவரியில் ஃபயர்வாலைத் தொட ஒருவரும் வர மாட்டார்.