பெரிய கனவுகள் இல்லாமல், நண்பர்களோடும் நாயோடும் அமைதியாக வாழ்வதே போதும் என்று நினைப்பது தப்பித்தலா?

கேள்வி கேட்டவருக்கு 34 வயது. வேலை இருக்கிறது, நெருங்கிய நண்பர்கள் இருவர், வீட்டில் ஒரு நாய். மாலையில் வீடு திரும்பி இவர்களோடு இருப்பதே போதும் என்று தோன்றுகிறதாம். வீட்டில் உள்ளவர்கள் அதைத் தப்பித்தல் என்கிறார்களாம்.

அந்தச் சொல்லைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. சென்ற தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த என் சித்தி இதே சொல்லைத்தான் சொன்னார். "நீ தப்பித்துக்கொண்டாய். குடும்பப் பாடு உனக்கு எங்கே தெரியும்?" பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து கை கழுவினேன். அன்றைக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

எனக்கு 48 வயது. திருமணம் ஆகவில்லை. திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் தாத்தா கட்டிய வீட்டில் இருக்கிறேன். ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சொந்த வீடு இருப்பதால் உனக்கு இப்படிப் பேச முடிகிறது என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே ஒப்புக்கொள்கிறேன். ஆமாம், வாடகை கொடுக்க வேண்டியிருந்தால் என் சம்பளத்தில் இந்த வாழ்க்கை இன்னும் நெருக்கடியாக இருந்திருக்கும். நாய் வைத்திருக்கும் தனிப் பெண்ணுக்கு யார் வீடு கொடுப்பார்கள் என்பது வேறு கேள்வி.

இந்த வீட்டுக்குத் திரும்பி வருவதற்கு முன் பதினாறு ஆண்டுகள் சென்னையில் இருந்தேன். நல்ல சம்பளம், மகளிர் விடுதியில் ஒரு கட்டில். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணியானால் நெஞ்சு கனக்க ஆரம்பிக்கும். மறுநாள் வேலை இருப்பது காரணமில்லை. அந்த நான்கு மணிக்கு நான் எங்கே இருக்கிறேன், சாப்பிட்டேனா என்று தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் அந்த ஊரில் ஒருவரும் இல்லை. 2019-இல் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். 2021-இல் அம்மா போய்விட்டார். அம்மாவுக்கு ஒரு பூனை இருந்தது. தினமும் அம்மா கையால் மீன் தலை வாங்கித் தின்று பழகியது. அம்மா இறந்த பிறகு பல நாள் அந்த மரநாற்காலியின் கீழேயே படுத்துக் கிடந்தது. அந்த நாட்களில் நானும் அப்படித்தான் கிடந்தேன்.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. விடாமல் மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று பிறகு தெரிந்தது. அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மின்சாரம் இல்லை, செல்போன் வேலை செய்யவில்லை, ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது என்பதுதான். திங்கட்கிழமை காலை தெருவில் இடுப்பளவு தண்ணீர். எங்கள் வீட்டுப் படிகளில் ஒன்றே ஒன்று மட்டும் மூழ்காமல் இருந்தது. எதிரே மின்கம்பத்தில் ஒரு காய்கறித் தள்ளுவண்டி மோதிக் கவிழ்ந்து நின்றது. அதன்மேல் ஒரு நாய். செம்பழுப்பு நிறம், ஒரு வயதுகூட இருக்காது. குரைக்கவும் இல்லை. நடுங்கிக்கொண்டு என் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது.

பக்கத்து வீட்டுத் தம்பி கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நான் இறங்கிப் போனேன். கையை நீட்டியதும் கடித்தது. மணிக்கட்டில் ஆழமாகப் பல் இறங்கியது. கடித்துக்கொண்டே என் தோளில் ஏறிக்கொண்டது. அதை நான் வேறு மாதிரிச் சொல்ல முடியாது, அப்படித்தான் நடந்தது.

கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். சுற்றிலும் தண்ணீர், கழுவ நல்ல தண்ணீர் இல்லை. குடிக்க வைத்திருந்த இரண்டு குடத்தில் ஒன்றைப் பக்கத்து வீட்டுத் தம்பி சாய்த்து ஊற்ற ஊற்றக் கழுவினேன். மறுநாள் வடிந்தும் வடியாத சேற்றில், என்னோடு பள்ளியில் படித்த ஒருத்தி நடந்து வந்தாள். அரசு மருத்துவமனையில் செவிலியர். தெருவில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். கையைப் பார்த்தவள், "ஏளா, இதை வைத்துக்கொண்டா உட்கார்ந்திருக்கிறாய்?" என்று அப்படியே கூட்டிப் போனாள். ஆழமான கடி என்பதால் காயத்தைச் சுற்றியும் ஊசி போட்டார்கள். தடுப்பூசியை அன்றும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும், இருபத்தெட்டாம் நாளும் போட வேண்டும். நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொன்னார்கள். பத்து நாளும் அது நலமாக இருந்தால் கடித்தபோது அதற்கு வெறிநோய் இல்லை என்று பொருள்.

அந்தப் பத்து நாளுக்காகத்தான் அதைப் பின்கட்டில் கட்டி வைத்தேன். வளர்க்கும் எண்ணம் எனக்கு இல்லவே இல்லை. தினமும் காலையில் எழுந்து அது சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா என்று பார்ப்பேன். இரவு டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஐந்தாவது நாள், நான் கதவைத் திறக்கும் முன்னே கதவின் அந்தப் பக்கம் அது எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. பத்தாவது நாள் செவிலியர் தோழி வந்து, "இனி அவிழ்த்துவிடலாம்" என்றாள். அவிழ்த்துவிட்டேன். வாசல் வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டது.

பெயர் தோணி. கிரிக்கெட் வீரரின் பெயர் என்று தெருப் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள், நான் திருத்துவதில்லை.

ஊசிக்குப் போன நாட்களில் இன்னொருத்தியும் சேர்ந்துகொண்டாள். இட்லி மாவு அரைத்து விற்பவள். கணவர் இறந்து, மகனைப் படிக்க அனுப்பிவிட்டுத் தனியாக இருப்பவள். அவளுடைய ஸ்கூட்டரில்தான் மருத்துவமனைக்குப் போய் வந்தேன். கடைசி ஊசி 2024 ஜனவரி 16, மாட்டுப் பொங்கலன்று. போட்டுவிட்டு வரும் வழியில் கத்தரிக்காய், முருங்கைக்காய், கீரை எல்லாம் வாங்கி, என் வீட்டில் மூவருமாகக் கூட்டாஞ்சோறு ஆக்கினோம். வெங்காயம் நாய்க்கு ஆகாது. அதனால் தோணிக்கு மட்டும் அரிசியும் பருப்பும் தனியாக வேகவைத்து ஒரு முட்டையைச் சேர்த்தோம். அன்றிலிருந்து சனிக்கிழமை மாலை என்றால் என் வீட்டுத் திண்ணைதான். செவிலியர் தோழிக்கு இரவுப் பணி இருந்தால் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறும்.

திண்ணையில் என்ன பேசுவீர்கள் என்று கடையில் ஒருவர் கேட்டார். மாவு புளித்தது, புளிக்காதது பற்றிப் பேசுவோம். சில நேரம் கால் மணி நேரம் யாரும் எதுவும் பேச மாட்டோம், தோணியின் குறட்டை மட்டும் கேட்கும். ஞாயிறு நான்கு மணி வருகிறது, போகிறது. எனக்கு அது தெரிவதே இல்லை.

விடியற்காலை ஐந்தேகாலுக்குத் தோணியோடு குறுக்குத்துறை வரை நடப்பேன். வெயில் ஏறிய பிறகு தார்ச்சாலை அதன் பாதத்தைச் சுட்டுவிடும். குறுக்குத்துறையில் இருப்பது ஆற்றுக்குள்ளேயே கட்டிய முருகன் கோயில். வெள்ளம் வந்தால் கோயில் மூழ்கிவிடும். அதற்கு முன்பே உற்சவரைக் கரையில் உள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வடிந்ததும் கழுவி விட்டு மறுபடி வழிபாடு. நான் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன், தோணி தண்ணீருக்குப் பத்தடி தள்ளியே நிற்கும். இன்றுவரை அது ஆற்றில் கால் வைத்ததில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். அம்மா இறந்த பிறகு குடும்ப அட்டையிலிருந்து பெயரை நீக்க ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை அலைந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறையும். மூன்றாவது முறை அங்கிருந்தவர், வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது, "ஒரு ஆளுக்கு எதற்கம்மா குடும்ப அட்டை? அண்ணன் தம்பி யாரும் இல்லையா, அவர்கள் அட்டையில் சேர்ந்துகொள்ளலாமே" என்று சத்தமாகக் கேட்டார். வேலை செய்கிறேன், மின்கட்டணம் கட்டுகிறேன், வீட்டுவரி கட்டுகிறேன், ஓட்டுப் போடுகிறேன். ஒரு வீட்டில் ஒரு பெண் இருந்தால் அது வீடில்லையா? இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

திருமணத்துக்கு எதிராக நான் எழுதவில்லை. என் மாவுக்கடைத் தோழி தன் கணவரைப் பற்றிப் பேசும்போது அவள் முகத்தைப் பார்த்தவள் அப்படி எழுதமாட்டாள். நாயைப் பிள்ளைக்கு ஈடு என்றும் சொல்லவில்லை. நாய் நாய்தான், அதுவே எனக்குப் போதுமான பெரிய விஷயம். தெருநாய் கடித்தவர்களின் வேதனை தெரியாதவள் என்றும் நினைக்க வேண்டாம், தழும்பு என் மணிக்கட்டில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தில்லி தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், அதே மாதம் 22-ஆம் தேதி அதைத் திருத்தி, வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. அந்த மாதம் முழுவதும் எங்கள் தெருவில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் தோணிக்குக் கருத்தடை செய்தேன், ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறேன், வாசலைத் தாண்டினால் கயிறு இல்லாமல் விடுவதில்லை.

ஆனால் தப்பித்தல் என்கிறார்களே, அதை மட்டும் ஏற்க முடியாது. சென்ற ஆண்டு தோணிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் சோறு தொடவில்லை, ஈறு வெளுத்துவிட்டது. இருபத்தெட்டு நாள் மாத்திரை, ஒவ்வொன்றையும் தயிர்ச்சோற்றில் பொதிந்து ஊட்டினேன். அதே மாதம் செவிலியர் தோழிக்கு கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. பகலில் மாவுக்கடைத் தோழியும் இரவில் நானும் பக்கத்தில் இருந்தோம். அதற்குச் சில மாதம் முன்புதான் அம்மாவின் பூனை, சிறுநீரகம் கெட்டு, என் மடியில் செத்துப்போனது. நான் எதிலிருந்து தப்பித்தேன் என்று சித்திதான் சொல்ல வேண்டும்.

உங்கள் அம்மா அப்பாவின் பயம் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அறுபது வயதில் யார் பார்ப்பார்கள் என்பதுதான். அவர்களிடம் கோபப்படாதீர்கள், அதற்கு ஏதாவது ஏற்பாடு செய்து காட்டுங்கள். நாங்கள் மூவரும் ஒருவர் வீட்டுச் சாவியை மற்ற இருவரிடமும் கொடுத்து வைத்திருக்கிறோம். ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஆளுக்கு இரண்டு பக்கம்: என்ன மாத்திரை, காப்பீட்டு எண், வங்கிக் கணக்கு, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். தோணிக்கும் ஒரு பக்கம் உண்டு. அதை மாவுக்கடைத் தோழிதான் எழுதினாள். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது அவள் வீட்டுக்குப் போகும். வெங்காயம், சாக்லேட், திராட்சை கூடாது. ஊசி டிசம்பரில். மழை பலமாகப் பெய்தால் நடுங்கும், தனியாக விடக் கூடாது. ரேடியோவைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் யாராவது உட்கார வேண்டும்.