இரண்டு வரி மெயிலுக்கு எஸ்டிமேட் கேட்டால்

கிளையன்ட் இரண்டு வரி மெயில் அனுப்பி, தேவைகள் எதுவும் முடிவாகாமலே, சாஃப்ட்வேரை முடிக்க "எத்தனை மாதம்" ஆகும் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொல்கிறார்கள் என்கிறீங்க. ஒற்றை எண் கொடுத்துடாதீங்க, அதுவே கெடு தேதியாகிவிடும்.

தெரிந்த ஸ்கிரீன், ரிப்போர்ட், வெளி இணைப்புகளை எண்ணுங்க. ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்: நல்லபடி போனால், வழக்கமாக, சொதப்பினால். பேமென்ட் கேட்வேக்கு (ஆன்லைனில் பணம் வாங்கும் இணைப்பு) 3, 5, 13 நாள் என்றால், வழக்கமான எண்ணுக்கு நான்கு மடங்கு எடை கொடுத்து சராசரி எடுங்க: (3 + 4×5 + 13) ÷ 6 = 6 நாள். ஆனால் பார்க்க வேண்டியது அந்த 13-ஐத்தான்: டெஸ்ட் அக்கவுண்ட் கிடைக்கத் தாமதம், ரீஃபண்ட், பணம் போய் ஆர்டர் பதிவாகாத கேஸ். முதல் மெயிலில் இதை யாரும் எழுத மாட்டாங்க. டேட்டா மைக்ரேஷனா (பழைய சிஸ்டத்து டேட்டாவைப் புதியதுக்கு மாற்றுவது)? பழைய டேட்டாவைப் பார்க்காமல் வாயே திறக்காதீங்க.

பதிலில் "4 முதல் 9 மாதம், இந்த அனுமானங்களின்படி, 2 வாரம் ஆய்வு செய்தால் வரம்பைக் குறைக்கலாம்" என்கிற மாதிரி போடுங்க. அந்த 2 வாரத்துக்குத் தனி பில்.