ட்ரெய்லர் நகர்ந்ததும் மிரளும் குதிரை: என்ன செய்யலாம்?

கேள்வி: என் ஏழு வயதுப் பெண் குதிரை ட்ரெய்லரில் ஏறத் தகராறு செய்வதில்லை. வண்டி நகர்ந்ததும்தான் பிரச்சினை. முன்காலால் தரையைத் தட்டுகிறது, சுவரை உதைக்கிறது, இறக்கும்போது வியர்வையில் நனைந்திருக்கிறது. அடுத்த மாதம் ஆறு மணி நேரப் பயணம் இருக்கிறது. மயக்க ஊசி போட்டு அழைத்துப் போகலாமா?

பதில்: ஊசியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். சமர்த்தாக ஏறிவிட்டு, நகர்ந்த பிறகு மிரளும் குதிரை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது அதன் காலடியைத்தான். குதிரை தன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்கால்களில் தாங்குகிறது. பிரேக் போட்டால் எடை இன்னும் முன்னால் பாய்கிறது. சாலை அதன் கண்ணுக்குத் தெரியாது, வளைவு வருவதும் தெரியாது. ஒவ்வொரு குலுக்கலும் அதற்குத் திடீர் அடிதான்.

ட்ரெய்லருக்குள் ஒரு சின்ன கேமராவைப் பொருத்தி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு, பிறகு உட்கார்ந்து பாருங்கள். எப்போது உதைக்கிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. கிளம்பியதும் கனைத்து, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் தனிமை. சிக்னலில் நிற்கும்போது மட்டும் தரையைத் தட்டினால் பெரும்பாலும் பொறுமையின்மை. வளைவுகளில் உதைத்தால் சமநிலை. அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது: உடம்பு ஒரு பக்கம் சாய, கால்கள் எதிர்ப்பக்கச் சுவரில் ஊன்றி மேலேற முயன்று வழுக்கும். குளம்புகள் படபடவென்று அடிக்கும் அந்தச் சத்தத்தைத்தான் முன்னால் இருப்பவர் 'உதைக்கிறது' என்று நினைக்கிறார். குதிரை விழாமல் இருக்கப் போராடிக்கொண்டிருக்கிறது.

இதற்கு முதல் மருந்து இடம். நின்று சமாளிக்க அது கால்களை அகட்டி வைக்க வேண்டும். நடுத்தடுப்பு தரைவரை இறங்கியிருந்தால் அதற்கு வழியில்லை. தடுப்பின் கீழ்ப்பகுதி திறந்திருப்பது நல்லது. உங்கள் ட்ரெய்லரின் அமைப்பு அனுமதித்தால் தடுப்பை நகர்த்தி அகலப்படுத்துங்கள். தரையில் வழுக்காத ரப்பர் விரிப்பு வேண்டும். அதைத் தூக்கி, அடியில் பலகை உளுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு குதிரை ட்ரெய்லரில் ஒன்றை மட்டும் ஏற்றினால், ஓட்டுநர் அமரும் பக்கத்தில் நிறுத்துங்கள். சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிவதால், எடை ஓரப்பக்கம் இருந்தால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும்.

அடுத்தது ஓட்டுநர். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவு முழுவதும் ஒரே வேகத்தில் போய், ட்ரெய்லர் நேரான பிறகே வேகம் கூட்ட வேண்டும். பல குதிரைகளுக்கு இந்த ஒரு மாற்றமே பாதி பயத்தைப் போக்கிவிடும்.

தனிமைதான் காரணம் என்றால் அமைதியான துணைக்குதிரை மிகச் சிறந்தது. துணை இல்லையென்றால் கண்ணாடி உதவும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ட்ரெய்லருக்குள் கண்ணாடி பொருத்தியபோது தனியாகப் பயணித்த குதிரைகள் தலையைத் திருப்புவதும் கனைப்பதும் குறைந்தது. உடையாத வகையைப் பார்த்து இறுக்கமாகப் பொருத்துங்கள்.

இந்த ஒரு மாதத்தில் பழக்கவும் செய்யலாம். நிற்கும் வண்டியில் உலர்புல் கொடுத்து இறக்குங்கள். அடுத்து இன்ஜினை ஓடவிட்டு அதே வேலை. பிறகு சில மீட்டர், பிறகு ஐந்து நிமிடம் ஓட்டித் திரும்ப லாயத்துக்கே. எப்போது அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்பதை அதன் வாய் சொல்லும்: நிதானமாக மென்றுகொண்டிருந்தால் போகலாம், புல்லைத் தொடாமல் நின்றால் ஒரு படி பின்னால் வாருங்கள். தேதி நெருங்குகிறதே என்று அவசரப்படுத்தினால் பழக்கியதெல்லாம் வீணாகும். ஏற்றும்போது, குதிரையின் பின்புறம் குறுக்கே வரும் பின்கம்பியைப் போட்ட பிறகே தலைக்கயிற்றைக் கட்டுங்கள். இறக்கும்போது கயிற்றை அவிழ்த்த பிறகே கம்பியை எடுங்கள். வரிசை மாறி, கட்டிய குதிரை பின்னால் பாய்ந்தால் பெரிய விபத்தாகும்.

ஆறு மணி நேரப் பயணத்தில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். சாலையோரத்தில் இறக்க வேண்டாம். ஆனால் கயிற்றைத் தளர்த்தித் தலையைத் தாழ்த்த விடுங்கள். தலை நெடுநேரம் தூக்கியே இருந்தால் மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் வெளியேறாமல் நுரையீரல் தொற்றில் முடியலாம். உலர்புல்லை நனைத்துக் கட்டுங்கள், காற்று வழிகளைத் திறந்து வையுங்கள், போர்வையைத் தவிருங்கள். போய்ச் சேர்ந்த பிறகு மூன்று நாள் வெப்பநிலை எடுங்கள். 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் இயல்பு. அதற்கு மேல் போனாலோ இருமினாலோ மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இனி ஊசி. குதிரைகளுக்கு வழக்கமாகத் தரப்படும் அசிப்ரோமசின் போன்ற மருந்துகள் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், காலைத் தள்ளாட வைக்கும். சமநிலைதான் பிரச்சினை என்றால் ஊசி அதைப் பெரிதாக்கும். போட்டிக்குப் போகிறீர்கள் என்றால் ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கும் ஆபத்தும் உண்டு. வேறு வழியே இல்லை என்று கால்நடை மருத்துவர் முடிவு செய்தால் அவரே அளவைச் சொல்லட்டும். முதல் ஊசியைப் பயண நாளில் போடாமல், முன்பே ஒருநாள் லாயத்தில் போட்டுப் பாருங்கள். அவரிடம் போகும்போதே குளம்பு, முதுகு, பின்கால் மூட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள், வயிற்றுப்புண் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வலியோடு நிற்கும் குதிரையை எந்தப் பயிற்சியாலும் அமைதிப்படுத்த முடியாது.