ஹார்வர்டில் பிறந்தவள் பதில்கள்

(மலேசியாவின் கெடா மாநிலம், பீடோங் ஹார்வர்டு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் குடும்பத்தில் பிறந்தவர். 1979 முதல் 2013 வரை ஒரு பல்கலைக்கழகத்தின் ஃபேகல்டி அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வுபெற்றவர். ஹார்வர்டு என்றதும் அமெரிக்காவா என்று கேட்பவர்களுக்கு: இல்லை, நம் ஹார்வர்டில் மூன்று தமிழ்ப்பள்ளிகளும் ஒரு கோல்ஃப் மைதானமும் உண்டு.)

*கேள்வி: "பல்கலைக்கழகங்களின் எதிர்காலத்துக்குத் தலைமைத்துவ மாற்றமும் மனமாற்றமும் தேவை" என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். என் மகன் படிக்கும் இடத்தில் அதே வாசகத்தோடு பெரிய பேனர் தொங்குகிறது. யாருடைய மனம், எதிலிருந்து எதற்கு மாற வேண்டுமாம்?*
— ஒரு தந்தை, சுங்கை பட்டாணி

ஐயா, அந்த மாதிரி பேனருக்கு அளவு சொல்லி ஆர்டர் கொடுத்த கை இது. நான் வேலையில் இருந்த காலத்தில் ஒன்பது டீன்களை, அதாவது ஃபேகல்டித் தலைவர்களைப் பார்த்தேன். ஆளுக்கொரு பேனர். அடுத்தவர் வந்ததும் பழையதை கேன்டீன்காரம்மா கேட்டு வாங்கிப்போய் நாசி லெமாக் மேசைக்கு வெயில் மறைப்பாகக் கட்டுவார். "உன்னதத்தை நோக்கி" என்ற பேனரின் கீழே நின்று ஆறு வருடம் பசியாறியிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்திலும் அதே கதைதான். புதுத் துரை வந்தால் பங்களாவுக்குச் சாயம் அடிப்பார்கள், பிரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) நேரம் மாறும். "துரை மாறினா பங்களா மாறும், மங்கு மாறாது" என்பார் என் அப்பா. மங்கு என்றால் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் மாதமே எனக்குப் புரிந்துவிட்டது, இதுவும் ஒரு தோட்டம்தான் என்று. துரை, தண்டல், கிராணி, கடைசியில் வெட்டுக்காரர்கள். உத்தரவு மேலிருந்து கீழே இறங்கும், பதில் மட்டும் கீழிருந்து மேலே ஏறாது. அரசாங்கப் பல்கலைக்கழகத் துணைவேந்தரை நியமிப்பது அமைச்சர். பெரும்பாலும் மூன்று வருட ஒப்பந்தம். ரப்பர்க் கன்று நட்டால் வெட்டுக்கு வரவே ஆறு வருடம் போல ஆகும். மூன்று வருடக்காரர் எந்தக் கன்றை நடுவார்? சாயம்தான் அடிப்பார்.

யார் மனம் என்று கேட்டீர்கள். முதலில் என் மனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1995-ல் ஒரு நாள் மதியம், மழை. இரண்டாம் வருட மாணவி ஒருத்தி என் முகப்புக்கு வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்ததில் தோளெல்லாம் நனைந்திருந்தது. அப்பா தவறி ஒரு வாரம். அம்மாவுக்குத் துணை யாருமில்லை, ஒரு பருவம் ஒத்திவைக்க வேண்டும். அதற்கான பாரத்தில் (படிவத்தில்) ஆறு கையெழுத்து தேவை: ஆலோசகர், துறைத் தலைவர், நூலகம், விடுதி வார்டன், கணக்குப் பிரிவு, டீன். மூன்று வாங்கியிருந்தாள். வார்டன் விடுமுறையில் போயிருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "திங்கட்கிழமை வாம்மா." தமிழில்தான் சொன்னேன், அன்பாகத்தான் சொன்னேன். அன்றைக்கு வியாழன். சனிக்கிழமை அவள் அப்பாவுக்குக் கருமாதி.

எனக்குப் பின்னால் புது டீன் தன் கடிதங்களை எடுத்துக்கொண்டு நின்றிருந்தார். மலாய்க்காரம்மா, வந்து மூன்று வாரம். பாரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "வார்டன் கையெழுத்து எதற்கு?" எனக்குத் தெரியவில்லை. பதினாறு வருடமாக நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அந்தக் கையெழுத்துக்காக மலையேற்றி இறக்கியிருக்கிறேன், எதற்கென்று தெரியவில்லை. பாரத்தில் அவரே கையெழுத்துப் போட்டுப் பிள்ளையை அனுப்பினார். பிறகு அலுவலகத்தில் இருந்த எல்லாப் பாரங்களையும் எடுக்கச் சொன்னார். 43 வகை. ஸ்டோர் அறைத் தரையில் பரப்பினோம். குனிந்து குனிந்து ஒவ்வொன்றையும் எடுத்து, "இது எதற்கு?" கேட்டார். மாலை ஐந்தரை வரை அந்த ஒரே கேள்வி.

43-ல் 19 மிஞ்சியது. அதைவிட எனக்கு நினைவில் நிற்பது, சிவப்புப் பேனாவால் அவர் முதலில் அடித்தது தன்னுடைய கையெழுத்துக் கட்டத்தை. 'டீன் ஒப்புதல்' என்று இருந்த இடமெல்லாம் கோடு. என் கிராணி மனம் அதைப் பார்த்துப் பதறியது, இனி இவரை யார் மதிப்பார் என்று.

அவர் மாற்றலாகிப் போனதும் அடுத்து வந்தவர் ஐந்து பாரங்களைத் திரும்பக் கொண்டுவந்தார். அதையும் நான்தான் டைப் செய்தேன்.

*கேள்வி: போன இதழில், "டீன்கள் மாதம் ஒரு நாள் முகப்பில் உட்கார வேண்டும்" என்று எழுதியிருந்தீர்கள். பல்கலைக்கழகத் தலைமை பற்றிக் கருத்துச் சொல்ல உங்கள் தகுதி என்ன?*
— ஓய்வுபெற்ற விரிவுரையாளர், பினாங்கு

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு), கிரேடு இரண்டு. தட்டெழுத்தில் நிமிடத்துக்கு 50 சொல். மலையின் உயரம் ஏறி நின்றவருக்குத் தெரியும் ஐயா, அடிவாரத்தில் எத்தனை பேர் மூச்சு வாங்குகிறார்கள் என்பது தேநீர்க் கடைக்காரிக்குத்தான் தெரியும்.

*கேள்வி: உலகத் தரவரிசையில் நம் பல்கலைக்கழகங்கள் ஏறிக்கொண்டே போகின்றன. நீங்கள் மட்டும் குறை சொல்கிறீர்களே?*
— வாசகர், பாடாங் செராய்

ஏறுவது உண்மை, எனக்கும் பெருமைதான். கியூஎஸ் என்ற உலகத் தரவரிசையின் 2025 பட்டியலில் மலாயாப் பல்கலைக்கழகம் 60-ஆவது இடம். ஆனால் அந்த மதிப்பெண் எதற்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். 30 விழுக்காடு, மற்ற கல்வியாளர்களிடம் இருக்கும் பேருக்கு. 20 விழுக்காடு, கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதற்கு. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு வகுப்பு புரிந்ததா என்பதற்கு அதில் கட்டமே இல்லை.

பால் நிறுக்கும் இடத்தில் நின்றிருக்கிறீர்களா? பாலை எடை போட்டுக் கூலி. எடைதான் கணக்கு என்றால் மனிதப் புத்தி என்ன செய்யும்? வாளியில் கொஞ்சம் ஆற்றுத் தண்ணீர். அதற்காகத்தான் கிராணி கையில் மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் குழாய் இருக்கும். பாலில் விட்டால், ரப்பர் நிறைய இருந்தால் அமிழும், தண்ணீர் கலந்திருந்தால் மேலே எழும்பி நிற்கும். அதில் தெரிகிற அளவைக் கழித்துத்தான் கூலி. என் அப்பா ஒரு தடவை மாட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசவில்லை.

விரிவுரையாளர்களுக்கு வருடத்துக்கு இத்தனை கட்டுரை என்று இலக்கு வைத்த நாளிலிருந்து என் மேசைக்கு வந்த கட்டுரைப் பட்டியல்களை நான் டைப் செய்திருக்கிறேன். ஒரே கட்டுரை மூன்று தலைப்பில் வரும், ஆறு பேருடைய பெயர் போட்டிருக்கும். நல்ல பாலும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எடை போடத் தராசு வைத்தவர்கள் மெட்ரோலாக்கை வாங்க மறந்துவிட்டார்கள். தலைமை என்று ஒன்று தேவைப்படுகிற இடம் அதுதான்: "இந்த வருடம் கட்டுரை குறைந்தாலும் பரவாயில்லை, நான் மேலே பதில் சொல்லிக்கொள்கிறேன்" என்று சொல்ல ஒருவர். ஒன்பது பேரில் ஒருவர் சொன்னார். யார் என்று ஊகித்திருப்பீர்கள்.

*கேள்வி: தலைவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஏதாவது இடம் இருக்கிறதா? முன்மாதிரி என்று யாரைச் சொல்வீர்கள்?*
— ஆசிரியை, கூலிம்

இருக்கிறது டீச்சர். உயர்கல்வித் தலைமைத்துவக் கழகம், சுருக்கமாக அகேப்ட், 2008-ல் தொடங்கியது. பயிற்சிக்குப் போய்வந்தவர்கள் நல்ல கோப்புப் பையோடு திரும்பினார்கள். கிண்டல் இல்லை, சிலருக்குப் பலன் இருந்தது.

முன்மாதிரி என்றால் உங்கு அஜிஸ். 1968 முதல் 1988 வரை மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 20 வருடம்! கன்று மரமாகி, வெட்டுக்கு வந்து, பட்டை தேய்கிற அளவு காலம். பொருளாதார நிபுணரான அவர் கிராமத்து வறுமையை அளக்க ஒரு வழி கண்டார்: வீட்டில் ஆளுக்கு எத்தனை சாரோங் (கைலி) இருக்கிறது என்று எண்ணுவது. அதைச் 'சாரோங் குறியீடு' என்றே சொல்வார்கள். என் சின்ன வயதில் எங்கள் லயத்து வீட்டுக் கொடியில் ஆறு பேருக்கு ஏழு கைலி காய்ந்தது. அவர் வந்திருந்தால் எண்ணி முடிக்க அரை நிமிடம் ஆகியிருக்காது. நீண்ட காலம் ஆண்டவரைப் பற்றி மாற்றுக் கருத்துகளும் உண்டு. எனக்கு அந்தக் கொடியைப் பார்க்கத் தெரிந்த கண் போதும்.

இன்னொருவர் தனிநாயகம் அடிகள். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறைத் தலைவர். அவ்வளவுதான் பதவி, ஒரு சின்னத் துறை. அங்கிருந்துகொண்டே 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தினார். பெரிய நாற்காலி கிடைத்த பிறகு பெரிய காரியம் செய்யலாம் என்று காத்திருப்பவர்களுக்கு அவர் பேரைத்தான் சொல்வேன்.

*கேள்வி: எனக்கு வயது 46. கூலிமில் தொழிற்சாலைத் தொழில்நுட்பர். 20 வருட அனுபவம், படிப்பு எஸ்பிஎம். பட்டம் படிக்க ஆசை. சிரிப்பார்களா?*
— பெயர் வேண்டாம், லூனாஸ்

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும் தம்பி. ஏபெல் என்று ஒரு வழி இருக்கிறது, மலேசியத் தகுதி முகமையின் கீழ். வேலை அனுபவத்தையே நுழைவுத் தகுதியாக எடுத்துக்கொள்வார்கள். இளங்கலைக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், துறை சார்ந்த அனுபவம் வேண்டும். ஒரு திறன் தேர்வு, பிறகு நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்புக் கோப்பு. பயிற்சிச் சான்றிதழ், வேலை உறுதிக் கடிதம், ஓவர்டைம் தாள் என்று எதையும் தூக்கிப் போடாதீர்கள். வேலையை விடாமல் படிக்க மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வாவாசான் இரண்டும் உண்டு.

எதிர்காலப் பல்கலைக்கழகம் என்று கண்ணாடிக் கட்டடத்தைக் காட்டுகிறார்கள். என் கண்ணுக்கு, அங்கே நுழைகிற ஆளின் வயதுதான் எதிர்காலம். 19 வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி உங்களுக்கும் "உட்கார், எழுதிக்கொள்" என்று சொல்லும் விரிவுரையாளர் கிடைத்தால், இயந்திரம் நின்றுபோனால் நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று வகுப்பில் எழுந்து சொல்லுங்கள். நல்லவராக இருந்தால் அவர் எழுதிக்கொள்வார்.

*கேள்வி: செயற்கை நுண்ணறிவு எல்லாம் செய்துவிடும், பட்டம் வீண் என்கிறான் என் மகன்.*
— ஒரு தாய், குரூண்

சாட்ஜிபிடி கட்டுரை எழுதும் அம்மா. எங்கள் உறவில் ஒரு விரிவுரையாளர் இப்போது எழுத்துக் கட்டுரைக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் எதிரில் உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசவிடுகிறார். 60 பிள்ளை, பத்து மணி நேரம். தொண்டை கட்டிப்போகிறது, ஆனால் யார் படித்தார்கள் என்று தெரிகிறது. அவருடைய துறைத் தலைவர் அதற்காக வேறு வேலையைக் குறைத்துக் கொடுத்தாராம். மகனிடம் சொல்லுங்கள், அப்படி ஓர் இடமாகத் தேடச் சொல்லி.

*கேள்வி: மாணவர்களுக்குத் தலைமைத்துவப் பட்டறை நடத்துகிறார்கள். ஆனால் வாயைத் திறந்தால் "அடக்கமாக இரு" என்கிறார்கள். உங்கள் காலத்திலும் இப்படியா?*
— இரண்டாம் ஆண்டு மாணவர்

என் காலத்துக்கும் முன்னால் வா. 1974 கடைசியில் ரப்பர் விலை விழுந்து, நம் கெடாவின் பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்காக டிசம்பர் 3-ஆம் தேதி கோலாலம்பூர் சிலாங்கூர் கிளப் திடலில் மாணவர்கள் திரண்டார்கள். ஆயிரத்துக்கும் மேல் கைது. எனக்கு அப்போது 16. மருத்துவம், பொறியியல் படிக்கிற பிள்ளைகள் நம்ம பால் விலைக்காக அடி வாங்குகிறார்களே என்று பிரட்டுக் களத்தில் பேசிக்கொண்டார்கள். அடுத்த வருடமே 1971-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மாணவர் கூட்டம் என்றால் சதுரங்கக் கழகத்துக்குக்கூட அனுமதிக் கடிதம்.

2012-ல் கட்சியில் சேரலாம் என்று திருத்தினார்கள். 2018 டிசம்பரில் வளாகத்துக்குள் அரசியல் கூடாது என்ற தடையையும் நாடாளுமன்றம் நீக்கியது. சட்டத்தை ஒரே நாளில் திருத்திவிடலாம். 40 வருடம் "அனுமதி வாங்கினாயா?" என்று கேட்டுப் பழகிய நாக்கு அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. பட்டறைக்குப் போ, சாப்பாடு நன்றாக இருக்கும். கேள்வியையும் கேள்.

*கேள்வி: எங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போகும் முதல் ஆள் நான். முதல் நாள் என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?*
— எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) முடித்த மாணவி, பீடோங்

எல்லாச் சான்றிதழிலும் ஐந்து ஐந்து நகல், உறுதிப்படுத்தியது. பாஸ்போர்ட் அளவுப் படம் எட்டு. அலமாரிக்கு ஒரு பூட்டு, இரண்டு சாவி. ஒன்றை அம்மாவிடம் கொடுத்துவிடாதே, அவசரத்துக்கு உதவாது. நீள ஒயர் வைத்த பிளக். மிக்ஸர் ஒரு டின், பக்கத்து அறைக்கும் சேர்த்து. ஃபேகல்டி அலுவலகத்துக்குப் போனதும் முகப்பில் இருக்கும் கிராணியின் பேரைக் கேட்டு எழுதிக்கொள். அவர் ஏதாவது கையெழுத்து வாங்கி வரச் சொன்னால், எதற்கு என்று மரியாதையாக ஒருமுறை கேள்.