சாவியைக் கொடுத்தவர்

அன்புள்ள ஐயா,

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகன், டியூஷனுக்கு ஸ்கூட்டியில் போகும்போது ஒரு பெரியவர் மேல் மோதிவிட்டான். அவருக்குத் தொடை எலும்பு முறிவு. போலீஸ் என் அத்தான் மேல் வழக்குப் போட்டிருக்கிறது. ஓட்டியது பையன், தண்டனை அப்பாவுக்கா? வெளிநாடுகளில் 16 வயதிலேயே ஓட்டுகிறார்களே? கெட்ட நேரம், வேறென்ன சொல்வது?

அன்புள்ள நண்பருக்கு,

வெளிநாட்டுக் கதையை விடுங்கள். அங்கே பரீட்சை வைத்து லைசென்ஸ் கொடுத்த பிறகுதான் ஓட்டுகிறார்கள். 'கெட்ட நேரம்' என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். சில நாட்களாக எனக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான்.

எங்கள் தெருவில் சாயங்காலம் டியூஷன் விடும் நேரத்தில் வந்து பாருங்கள். கால் வைக்கும் இடத்தில் புத்தகப் பை, பின்னால் இரண்டு பேர், தரை சரியாக எட்டாமல் நுனிவிரலில் வண்டியைத் தாங்கும் பையன். வாசலில் நிற்கும் அப்பா முகத்தில் அவ்வளவு பெருமை! அவருக்கும் உங்கள் அத்தானுக்கும் என்ன வித்தியாசம்? இவர் பிள்ளைக்குக் குறுக்கே இன்னும் யாரும் வரவில்லை, அவ்வளவுதான். நாம் அவரைப் பார்த்துச் சிரிக்கிறோம், அத்தானைத் தூற்றுகிறோம்.

1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவ அறிஞர்கள் இதைத்தான் விவாதித்தார்கள். ஒரே கவனக்குறைவு, ஒருவர் வண்டிக்குக் குறுக்கே குழந்தை ஓடிவருகிறது, இன்னொருவருக்கு வரவில்லை. பழி மட்டும் ஏன் இவ்வளவு மாறுகிறது? என் பதில் இது: சாவியைக் கொடுத்த அன்றைக்கே தப்பு முழுசாக நடந்து முடிந்துவிட்டது.

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 199ஏ பிரிவும் அப்படித்தான் பார்க்கிறது. வண்டி யார்மேலாவது மோத வேண்டும் என்று அதில் இல்லை. சிறுவன் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினாலே போதும். பெற்றவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். தனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க வேண்டிய எல்லாம் செய்தேன் என்று அவரே நிரூபித்தால் தப்பலாம். தினமும் டியூஷனுக்கு வண்டி கொடுத்தவர் எதை நிரூபிப்பார்?

ஆனால் அந்தப் பையனை நினைத்தால் மனசு தாங்கவில்லை. கடிதம் முழுக்க அத்தான், வழக்கு. அவன் சாப்பிடுகிறானா, தூங்குகிறானா? ஒரு வரி இல்லையே. அந்தப் பெரியவர் எழுந்து நடக்கிறாரா, ஆஸ்பத்திரிச் செலவை யார் பார்க்கிறார்கள் என்பதும் இல்லை. தாய்மாமன் நீங்கள். அவனைக் கூட்டிக்கொண்டு போய் அவரைப் பாருங்கள். வழக்கு கெட்டுவிடும் என்று வக்கீல் தடுப்பார். பரவாயில்லை, போங்கள். அத்தானையும் விடாமல் கூட்டிக்கொண்டு போங்கள்.