கதிர்வீச்சுக்குப் பிறகு தெரியும் வெண்மை: கட்டியா, புண்ணா?

கேள்வி: ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். மூளையில் கிளையோமா கட்டிக்காக அப்பாவுக்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. புதிய ஸ்கேனில் அதே இடம் வெள்ளையாகத் தெரிகிறது. டாக்டர் பெர்ஃப்யூஷன் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார். சேலத்தில் ஸ்கேன் மையத்துக்கு வெளியே நின்ற ஒருவர், அது வீண், முழு உடல் பெட் ஸ்கேன் எடுங்கள் என்கிறார். எதை நம்புவது?

பதில்: டாக்டரை நம்புங்கள். கதிர்வீச்சு முடிந்த முதல் சில மாதங்களில், புண்பட்ட திசுவும் வெள்ளையாகத் தெரியும், மீண்டும் வளரும் கட்டியும் வெள்ளையாகத் தெரியும். வளரும் கட்டி தனக்கென்று புதிய ரத்தக் குழாய்களை உண்டாக்கிக்கொள்வதால் அங்கே ரத்தம் கூடுதலாக இருக்கும், புண்ணில் குறைவு. பெர்ஃப்யூஷன் அளப்பது அந்த ரத்த அளவைத்தான்.

வாசலில் நின்றவருக்குக் கமிஷன் கிடைக்கும், உங்களுக்கு விடை கிடைக்காது. வழக்கமான பெட் ஸ்கேன், சர்க்கரை போன்ற மருந்தைச் செலுத்தி எடுப்பது. அதில் நல்ல மூளையே அந்தச் சர்க்கரையை வாரி இழுத்துக்கொண்டு பளிச்சென்று தெரியும். அதில் கட்டியைப் பிரித்தறிவது கடினம். கிளையோமா உடலின் மற்ற இடங்களுக்குப் பரவுவதும் மிக அரிது. பெர்ஃப்யூஷனுக்கென்று இன்னொரு நாள் வரச் சொன்னாலும் காரணம் கேளுங்கள். அதே எம்ஆர்ஐயில், படம் தெளிவாகத் தெரிய ஊசியில் போடும் அதே காடோலினியம் மருந்தோடு, கூடுதலாகச் சில நிமிடங்களில் முடியும் வேலை அது. மருந்தை விநாடிக்கு 4, 5 மில்லி வேகத்தில் செலுத்த வேண்டும். அதனால் முழங்கை மடிப்பில் சற்றுப் பெரிய ஊசி போடுவார்கள், பயப்பட வேண்டாம். முன்னதாகச் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. அறுவை சிகிச்சை நடந்த இடத்தில் பழைய ரத்தக் கசிவோ உலோகமோ இருந்தால் படம் அங்கே கெட்டுவிடும். கட்டி இருந்தும் ரத்த அளவு குறைவாகக் காட்டலாம். 'குறைவு' என்று ரிப்போர்ட் வந்தால், 'அங்கே ரத்தக் கசிவு இருக்கிறதா, அந்த அளவை நம்பலாமா?' என்று ரேடியாலஜிஸ்ட்டிடமே கேளுங்கள். நம்ப முடியாது என்றால், சில வாரம் பொறுத்து மறுபடி எடுத்து ஒப்பிடுவதே முறை. அதற்குள் அப்பாவுக்குத் தலைவலி, வாந்தி, வலிப்பு, கை கால் பலவீனம் என்று எது கூடினாலும் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

எனக்குப் பொறுக்காத விஷயம், ஸ்கேனுக்கு டாக்டர் எழுதித் தரும் சீட்டு. 'எம்ஆர்ஐ மூளை' என்று மொட்டையாக எழுதி அனுப்புகிறார்கள். கதிர்வீச்சு முடிந்த தேதி இல்லாமல் எந்த ரேடியாலஜிஸ்ட்டும் சரியாகச் சொல்ல முடியாது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த நோயாளியை அதற்காகத் திருப்பி அனுப்புவது அநியாயம். அந்தத் தேதி, அறுவை சிகிச்சைத் தேதி, ஸ்டீராய்டு மாத்திரையின் பெயர், எல்லாவற்றையும் டாக்டர் கையாலேயே எழுதி வாங்குங்கள். பழைய ஸ்கேன்களின் சிடியையும் கொண்டு போங்கள். ஃபிலிம் மட்டும் போதாது.