சுவா மாகாணம் பட்டியலில் இல்லாதது ஏன்?

927இல் முடிக்கப்பட்ட பண்டைய ஜப்பானியச் சட்ட விதித் தொகுப்பான எங்கிஷிகியின் மாகாண வரிசையில் சுவாவை நீங்கள் காணாததற்குக் காரணம், 721இல் ஷினானோ மாகாணத்திலிருந்து பிரிக்கப்பட்ட அம்மாகாணம் 731இலேயே மீண்டும் ஷினானோவுடன் இணைக்கப்பட்டுவிட்டது என்பதே. உங்கள் பிரதியில் எதுவும் விடுபடவில்லை. 718இல் உருவாகி 741இல் வேறு மாகாணங்களுடன் இணைக்கப்பட்ட நோட்டோவும் ஆவாவும் 757இல் மீண்டும் தனி மாகாணங்களாயின. சுவாவுக்கோ அந்த வாய்ப்புக் கிட்டவேயில்லை என்பது வருத்தத்திற்குரியது.

ஏரிக்கும் ஆலயத்துக்கும் இன்றும் அப்பெயரே வழங்குவதால், மாகாணமும் நெடுங்காலம் நீடித்திருக்கும் என்று எண்ணியிருப்பீர்கள்.

ஷினானோவின் மாவட்டங்களுக்கிடையே தேடிப் பாருங்கள். அங்கே சுவா இருக்கும். பிறகு ஷோக்கு நிஹோங்கி என்னும் அரசு வரலாற்று நூலில் யோரோ ஆட்சிக்காலத்தின் 5ஆம் ஆண்டு (721), தெம்ப்யோ ஆட்சிக்காலத்தின் 3ஆம் ஆண்டு (731) பதிவுகளை ஒப்பிடுங்கள்.

ஆனால், தற்கால வரைபடங்கள் சுவா மாகாணத்துக்குக் காட்டும் எல்லைக்கோடுகள் பிற்கால ஊகங்களே. அவற்றைச் சான்றாகக் கொள்ளாதீர்கள்.